எக்கோ யாருக்குக் கேட்கிறது?

மதுரையில் ஒரு சின்ன நர்சிங் ஹோம். 16 எக்ஸ்டென்ஷன் உள்ள இண்டர்காம் பெட்டி, அதில் ஒரு வெளி லைன். பழைய செம்பு லைனை எடுத்துவிட்டு ஃபைபர் போட்டு ஒரு வாரம்கூட ஆகியிருக்காது. ரிசப்ஷனில் இருக்கும் பெண் கூப்பிட்டார்.

"அண்ணே, வெளியில இருந்து பேசுறவங்களுக்கு அவங்க குரலே திரும்பக் கேக்குதாம். எங்களுக்கு நல்லாத்தான் கேக்குது. நேத்து ஒரு அம்மா மகனைப் பத்தி விசாரிக்க துபாயில இருந்து கூப்பிட்டாங்க. பாதியிலேயே அழுதுட்டு வச்சிட்டாங்க."

"எங்களுக்கு நல்லாத்தான் கேக்குது" என்ற சொல்லிலேயே பாதி விடை இருக்கிறது. தன் குரல் தாமதமாகத் திரும்பி வருகிறது என்று ஒருவர் சொன்னால், கோளாறு பெரும்பாலும் அவருக்கு எதிர்ப்பக்கத்தில்தான் இருக்கும். வெளியாட்களுக்கு எக்கோ அடித்தால் நம் பெட்டியைத் திறக்க வேண்டும்.

டெலிபோன் லைனில் இருப்பது இரண்டே கம்பி. போகும் குரலும் வரும் குரலும் அதே இரண்டில்தான் ஓடுகின்றன. இரண்டையும் பிரிக்கும் சுற்றுக்கு ஹைப்ரிட் என்று பெயர். அதைத் தராசு என்றே நான் நினைத்துக்கொள்வேன். ஒரு தட்டில் லைன், இன்னொரு தட்டில் அதற்கு ஈடாக வைத்த மின்தடை. வழக்கமாக 600 ஓம். இரண்டும் சமமாக இருந்தால் வந்த குரல் வந்த வழியே திரும்பாது. தட்டு சாய்ந்தால் சாய்ந்த அளவுக்குத் திரும்பும்.

செம்பு லைனிலும் இந்தக் குரல் திரும்பிக்கொண்டுதான் இருந்திருக்கும். சில மில்லி செகண்டில் திரும்பினால் காது அதைத் தனியாகப் பிரிக்காது. 25 மில்லி செகண்டைத் தாண்டினால் உறுத்தத் தொடங்கும். ஃபைபரில் குரல் பொட்டலம் பொட்டலமாகப் போவதால் தாமதம் கூடுகிறது. ஃபைபர் மோடத்துக்குள் எக்கோவை அழிக்கும் ஏற்பாடு உண்டு, ஆனால் திரும்பும் சத்தம் மிகப் பெரிதாக இருந்தால் அதனால் சமாளிக்க முடியாது.

போனதும் முதல் வேலையாக இண்டர்காம் வயரைக் கழற்றி, ஒரு சாதாரண போனை மோடத்தில் நேராகச் செருகினேன். தெருவில் நின்று என் செல்லில் இருந்து கூப்பிட்டுப் பார்த்தேன். எக்கோ இல்லை. இந்த ஐந்து நிமிடச் சோதனையைச் செய்யாமல் யாரும் லைன்காரரோடு சண்டைக்குப் போக வேண்டாம்.

பெட்டியின் செட்டிங்கில் வெளி லைனுக்கு வரும் பக்கம் 6 டெசிபல், போகும் பக்கம் 6 டெசிபல் கெயின் கூட்டி வைத்திருந்தது. தூரத்து எக்ஸ்சேஞ்சிலிருந்து மெலிந்து வந்த குரலுக்காக எப்போதோ யாரோ வைத்தது. இப்போது மோடம் இரண்டு மீட்டரில் இருக்கிறது. எக்ஸ்டென்ஷன் வரை போய்த் திரும்பும் குரல் இரண்டு கெயினையும் கடந்துதான் வெளியே போகும். அதாவது எக்கோ 12 டெசிபல் ஏறிப் போகிறது. இரண்டையும் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தேன். பேச்சு 6 டெசிபல்தான் குறைந்தது, எக்கோ 12 குறைந்தது. சத்தம் போதவில்லை என்று எந்த சிஸ்டரும் சொல்லவில்லை.

ஆனாலும் மெலிதாக ஒரு மிச்சம். அதைத் தேடித்தான் மாலை வரை அலைந்தேன். மாடியில் டியூட்டி ரூம் கட்டிலுக்குப் பின்னால் ஒரு பழைய ரோசெட் பெட்டி. மூடியைத் திறந்தால் உள்ளே எறும்பு மண், பச்சை பூத்த திருகுகள், அதிலிருந்து எங்கோ சுவருக்குள் போகும் ஒரு ஜோடி வயர். ஒரு காலத்தில் டாக்டருக்காகப் போட்ட பேரலல் கனெக்‌ஷன். போன் இல்லை, வயர் மட்டும் இன்னும் அதே வெளி லைனில் தொங்கிக்கொண்டிருந்தது. தராசின் தட்டில் யாரும் பார்க்காத ஒரு கல் மாதிரி. கீழே டேக் பிளாக்கில் அந்த ஜம்பரை வெட்டியதும் மிச்சமும் போனது. (இந்த வேலை செய்யும்போது லைனை மோடத்தில் கழற்றிவிடுங்கள். மணி அடிக்கும் மின்னழுத்தம் 75 வோல்ட்டைத் தாண்டவும் கூடும், ஈரக்கையில் நன்றாகவே உதைக்கும்.)

அதற்குப் பிறகும் ஒரே ஒரு இடத்தில் மட்டும் புகார்: நர்ஸ் ஸ்டேஷன். அங்கே கிரானைட் மேடை, எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவார்கள். ஸ்பீக்கரின் குரல் கல்லில் பட்டு மைக்குக்குள் நுழைகிறது. இதற்கு வயரில் மருந்து இல்லை. போனுக்கு அடியில் தடித்த ரப்பர் பாய் விரித்து, ஸ்பீக்கர் சத்தத்தை இரண்டு படி குறைத்தோம். வெளி அழைப்புக்கு ரிசீவரை எடுத்துப் பேசச் சொன்னேன்.

நாடக அரங்குகளில் இருக்கும் ஹெட்செட் இண்டர்காமில் போன் லைனைச் சேர்ப்பவர்களுக்கு இந்தத் தராசைச் சமன் செய்ய வேறு வசதி உண்டு. இணைக்கும் பெட்டிகள் பலவற்றில் 'நல்' (null) என்று ஒரு திருகு இருக்கும். அழைப்பு ஓடும்போதே, எதிர்முனையில் இருப்பவரைப் பேசாமல் இருக்கச் சொல்லி, நீங்கள் ஒரே அளவில் பேசிக்கொண்டே மெல்லத் திருகுங்கள். உங்கள் குரல் ஹெட்செட்டில் மிகச் சன்னமாகும் இடத்தில் நிறுத்துங்கள். லைனை மாற்றினால் மறுபடியும் செய்ய வேண்டும்.

கிளம்பும் முன் இண்டர்காம் பெட்டி மூடியின் உள்பக்கம் மார்க்கரில் எழுதிவைத்தேன்: வெளி லைன் கெயின் 0, 0, 600 ஓம், டியூட்டி ரூம் பேரலல் வெட்டியது, அன்றைய தேதி.