சைடுல பிளான்ல கையெழுத்து போடறீங்களா? முதல்ல பாலிசியைப் பாருங்க

போன மாசம் ஒரு விசேஷத்துக்காக ஸ்ரீமுஷ்ணம் போயிருந்தேன். பூவராகர் கோயில் வாசல்ல சொந்தக்காரத் தம்பி ஒருத்தன் பிடிச்சுக்கிட்டான். சென்னையில ஒரு கன்சல்டன்சியில ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர். "அண்ணா, விருத்தாசலம் பக்கம் மூணு வீட்டுக்கு டிசைன் பண்ணி கையெழுத்து போட்டுக் கொடுத்தேன். ஒண்ணுக்குப் பத்தாயிரம். ரிட்டர்ன்ல காட்டணுமா?"

கண்டிப்பா காட்டணும். ஆனா அதைவிடப் பெரிய கேள்வியை அவன் கேக்கவே இல்ல: அந்த வீட்டுல நாளைக்குத் தூண் விரிஞ்சா, பணம் யார் பாக்கெட்லேர்ந்து போகும்?

கையெழுத்துக்கு எவ்வளவு வெயிட்?

2014 ஜூன் 28. சென்னை மவுலிவாக்கத்துல கட்டிக்கிட்டிருந்த 11 மாடிக் கட்டடம் மழையில சரிஞ்சு 61 பேர் இறந்தாங்க. கட்டுமான நிறுவனத்தாரோட சேர்த்து இன்ஜினியர்களும் கைதானாங்க.

இப்போ சட்டம் இன்னும் இறுகியிருக்கு. 2016-ல வந்த ரேரா சட்டப்படி, வீட்டை ஒப்படைச்ச நாள்லேர்ந்து 5 வருஷத்துக்குள்ள கட்டமைப்புக் குறை தெரிஞ்சா, பில்டர் இலவசமா சரி பண்ணணும். செலவு பண்ற பில்டர் அடுத்து தேடுறது டிசைன் போட்டவரைத்தான். அலட்சியத்தால மரணம்னா, முன்னாடி அதிகபட்சம் 2 வருஷ ஜெயில்; 2024 ஜூலை 1-லேர்ந்து பாரதிய நியாய சன்ஹிதாபடி 5 வருஷம்.

பிரிட்டன்ல 2017-ல கிரென்ஃபெல் டவர் தீ விபத்துல 72 பேர் இறந்தாங்க. அதுக்கப்புறம் வந்த 2022 கட்டடப் பாதுகாப்புச் சட்டம், பழைய குடியிருப்புகள்ல இருக்கிற குறைகளுக்கு வழக்குப் போடுற காலத்தை 6 வருஷத்திலேர்ந்து 30 வருஷமா நீட்டிச்சது. அங்கே வேலைக்குப் போற நம்ம பசங்க இதைக் குறிச்சு வெச்சுக்கோங்க.

இன்சூரன்ஸ் எங்கே கை விடும்?

இதுக்குன்னு இருக்கிறது புரொஃபஷனல் இண்டெம்னிட்டி பாலிசி. இது கார் இன்சூரன்ஸ் மாதிரி இல்ல. தப்பு நடந்த வருஷத்து பாலிசி பணம் தராது. உங்க மேல கிளெய்ம் வர்ற வருஷத்து பாலிசிதான் தரும். இதை 'கிளெய்ம்ஸ் மேட்'னு சொல்வாங்க.

உதாரணம்: 2021-ல டிசைன். 2023-ல முதல் பாலிசி, ரெட்ரோஆக்டிவ் தேதியும் 2023. 2026-ல நோட்டீஸ் வருது. பாலிசி ஓடிக்கிட்டிருந்தாலும் கிளெய்ம் நிக்காது, ஏன்னா வேலை அந்தத் தேதிக்கு முந்தினது. இல்ல, 2021-லேயே பாலிசி எடுத்து 2024-ல ரின்யூ பண்ணாம விட்டுட்டீங்களா? அப்பவும் கை விரிச்சிடுவாங்க.

ஜெயில், அபராதம், தெரிஞ்சே செஞ்ச தப்பு, இதுக்கெல்லாம் எந்த பாலிசியும் கவர் தராது.

இந்த வாரமே செய்ய வேண்டியது

1. கம்பெனி பாலிசி கம்பெனிக்காக நீங்க செஞ்ச வேலைக்குத்தான். சைடு வேலைக்கு இல்ல. எச்ஆர்கிட்ட எழுத்துல கேளுங்க. வெளி வேலைக்கே அனுமதி இருக்கான்னு அப்பாயின்ட்மென்ட் லெட்டரையும் பாருங்க.
2. வேலை மாறும்போது, பழைய கம்பெனி பாலிசி முன்னாள் ஊழியரையும் சேர்க்குதான்னு கேட்டு வையுங்க.
3. தனி பாலிசின்னா, ரெட்ரோஆக்டிவ் தேதி, ஒரு கிளெய்முக்கு லிமிட், வக்கீல் செலவு அந்த லிமிட்டுக்குள்ளயா வெளியவா, இந்த மூணையும் பாருங்க.
4. டிராயிங், மண் பரிசோதனை ரிப்போர்ட், சைட்ல நீங்க எழுதின குறிப்பு எல்லாத்தையும் பத்திரமா வையுங்க.
5. கட்டுமான வேலைக்கு கான்ட்ராக்டர் எடுக்கிற பாலிசி உங்க டிசைன் தப்புக்கு மாற்று ஆகாது.

வரி விஷயம் ஒண்ணு: சம்பளத்துல இந்த பிரீமியத்தைக் கழிக்க முடியாது. சைடு வருமானத்தைப் புரொஃபஷனல் வருமானமா காட்டி, கணக்கு வெச்சா செலவா கழிக்கலாம். பாதியை லாபமா காட்டுற பிரிசம்ப்டிவ் முறையில போனா, தனியா கழிக்க முடியாது.

தம்பி மறுநாளே எச்ஆர்கிட்ட கேட்டான். சைடு வேலைக்கு கவர் இல்லைன்னு பதில். மூணு வீடு, முப்பதாயிரம் ரூபாய். அதுக்கு அவன் அடகு வெச்சது இனி வரப்போற சம்பளத்தை. நாலாவது வீட்டுக்காரர்கிட்ட, "பாலிசி எடுத்துட்டு வர்றேன், அந்தச் செலவும் ஃபீஸ்ல சேரும்"னு சொல்லிட்டான். நீங்களும் அப்படியே சொல்லுங்க.