கடைசி நாட்களில் நோயாளியின் சொல்



“டாக்டரு கையை விரிச்சிட்டாரு. இனிமே என்னா செய்யிறது?” புற்றுநோய் முற்றியவர் இருக்கும் வீட்டில் எழும் கேள்வி இது. கிள்ளான் தோட்டத்து லயமானாலும், பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடி வீடானாலும் கேள்வி ஒன்றுதான். வலி பொறுக்காமல், “ஊசி போட்டு என்னை முடிச்சிடுங்க” என்று நோயாளி கதறுவதும் உண்டு.

நம் நாட்டில் அப்படி உயிரைப் போக்கச் சட்டம் இடம் தரவில்லை. ஒருவர் உயிரை மாய்த்துக்கொள்ள உதவுவதும் தண்டனைச் சட்டத்தின் 306ஆம் பிரிவின்படி குற்றம். அதனால் நோயாளிக்கு எந்த உரிமையும் இல்லை என்று எண்ணிவிடாதீர்கள். மூன்றைக் கேட்கலாம்.

1. “வேண்டாம்” எனலாம். தெளிந்த புத்தியுள்ள நோயாளி, சுவாச இயந்திரமோ இன்னொரு ஆபரேஷனோ வேண்டாம் என மறுக்கலாம். இது தற்கொலை அல்ல. இந்திய உச்சநீதிமன்றம் 2018 மார்ச் 9ஆம் நாள், கண்ணியமாக இறப்பதும் வாழும் உரிமையில் அடங்கும் என்று தீர்ப்பளித்து, முன்கூட்டியே விருப்பத்தை எழுதி வைப்பதையும் ஏற்றது. இங்கு அதற்கெனத் தனிச்சட்டம் இல்லை. ஆயினும் எழுதி வைத்தால் டாக்டருக்கும் பிள்ளைகளுக்கும் வழி தெரியும்.

2. வலிக்கு மருந்து கேட்கலாம். “மார்ஃபின் குடிச்சா சீக்கிரம் போயிடுவாங்க” என்பது வீண்பயம். டாக்டர் சொன்ன அளவில், நேரந் தவறாமல் கொடுத்தால் வலி அடங்கும், உயிரைப் பறிக்காது. மலச்சிக்கல் வரும், அதற்கும் மருந்து வாங்கிக்கொள்ளுங்கள்.

3. வீட்டிலேயே பராமரிப்புக் கேட்கலாம். 1991இல் தொடங்கிய ஹோஸ்பிஸ் மலேசியா, கிள்ளான் பள்ளத்தாக்கில் டாக்டரையும் தாதியரையும் வீட்டுக்கே அனுப்பி இலவசமாகக் கவனிக்கிறது. சிகிச்சை தரும் டாக்டரிடம் சிபாரிசுக் கடிதம் கேளுங்கள்.

நாம் செய்யும் தவறு ஒன்று உண்டு. “அப்பாகிட்ட சொல்லிடாதீங்க டாக்டர்” என்று மறைத்துவிடுகிறோம். பிறகு அவர் பேச்சிழந்ததும், “இயந்திரம் வைக்கலாமா, வேண்டாமா?” என்று பிள்ளைகள் தமக்குள் சண்டையிடுகிறார்கள். யாருடைய உடம்போ, அவருடைய விருப்பம் மட்டும் யாருக்கும் தெரியாது!

சம்பள உயர்வைக் கேட்டுத்தானே வாங்கினோம்? இதையும் கேட்கத்தான் வேண்டும். அவர் பேசக்கூடிய நிலையில் இருக்கும்போதே பக்கத்தில் உட்காருங்கள். “அப்பா, உங்களுக்கு எது வேணும், எது வேணாம்?” என்று கேளுங்கள். அவர் சொன்னதை டாக்டரிடம் சொல்லுங்கள். அவர் சொல்லுக்கு மதிப்புக் கொடுங்கள்.