வெயிலில் காயும் செல்வம்

நுழையும்முன்

விளைச்சல் பெருகும் காலமும் தட்டுப்பாட்டுக் காலமும் ஆண்டுதோறும் மாறிமாறி வருகின்றன. பெருகியதைப் பக்குவப்படுத்திப் பின்னாளுக்கு வைத்துக்கொள்வது நம் முன்னோர் கண்ட வழி. அவ்வழியை இப்பாடத்தில் அறிவோம்.

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கெல்லையில் சித்தூர் வட்டம் அமைந்துள்ளது. இங்குள்ள வடகரப்பதி, எருத்தேன்பதி, கொழிஞ்சாம்பாறை ஆகிய ஊர்களில் தமிழ் பேசும் உழவர்கள் பலர் வாழ்கின்றனர். கேரளத்தின் பல பகுதிகளைவிட இங்கு மழை குறைவு. வயல்களில் விளையும் மிளகாய், தக்காளி, புடலை, பாகல் முதலியன எல்லையோரத்தில் உள்ள வேலந்தாவளம் காய்கறிச் சந்தைக்கு வருகின்றன.

உழவர் பலரும் ஒரே காலத்தில் காய் பறித்தால் சந்தையில் வரத்து மிகும், விலை வீழும். விலை ஏறும்வரை பச்சைக்காய் கெடாமல் இருக்காது. ஆனால், வற்றலாக்கப்பட்ட காய் பல மாதங்கள் இருக்கும். எனவே, பங்குனி, சித்திரை வெயிலில் இல்லத்தார் மலிவாகக் கிடைக்கும் காயை வாங்கி வற்றல் போடுகின்றனர். ஆனி, ஆடி மழையில் காய்கறி விலை ஏறும்போது அந்த வற்றலே சோற்றுக்குத் துணையாகிறது.

மோர் மிளகாய் செய்முறை

சதைப்பற்றுள்ள பச்சை மிளகாய் 1 கிலோவைக் கழுவி, ஈரம் போகத் துடைக்க வேண்டும். காம்பை நீக்காமல், ஒவ்வொன்றின் நுனியையும் சிறிது கீற வேண்டும். 1 லிட்டர் புளித்த கெட்டி மோரில் 100 கிராம் கல்லுப்பைக் கரைத்து, மிளகாயை அதில் ஓர் இரவு ஊறவைக்க வேண்டும். காலையில் மிளகாயை மட்டும் எடுத்துப் பாயில் பரப்பி வெயிலில் காயவிட வேண்டும். மாலையில் அதே மோரில் மீண்டும் இட வேண்டும். மோர் வற்றும்வரை மூன்று அல்லது நான்கு நாள்கள் இவ்வாறு செய்து, பின்னர் நன்கு உலர்த்த வேண்டும். கையில் எடுத்துக் குலுக்கினால் உள்ளே விதைகள் சலசலக்கும்; அதுவே பக்குவம். ஈரம் நீங்காத ஒரு மிளகாய் போதும், சாடியில் உள்ள அனைத்திலும் பூஞ்சணம் படரும்.

கெடாதது ஏன்?

உணவைக் கெடுக்கும் நுண்ணுயிர்கள் வாழ நீர் தேவை. பச்சை மிளகாயின் எடையில் பெரும்பங்கு நீரே ஆகும். உப்பு அந்நீரை வெளியே இழுக்கிறது. மோரின் புளிப்பு நுண்ணுயிர்களின் பெருக்கத்தைத் தடுக்கிறது. வெயில் எஞ்சிய ஈரத்தைப் போக்குகிறது.

இடுக்கி மாவட்டத்து மூணாற்றில் மழையும் மூடுபனியும் மிகுதி. அங்கு வற்றல் எளிதில் உலராது. அதன் வடகிழக்கே, மழைமறைவுப் பகுதியில் உள்ள மறையூரில் கரும்பு விளைகிறது. கரும்புச் சாற்றைக் கொப்பரையில் காய்ச்சி அங்கு வெல்லம் செய்கின்றனர். மிளகாயின் நீரை வெயில் போக்குவதுபோல, சாற்றின் நீரை நெருப்பு போக்குகிறது. மறையூர் வெல்லம் 2019ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது.

மலையாள மொழியில் வற்றலுக்குக் ‘கொண்டாட்டம்’ என்று பெயர். தமிழில் அச்சொல் விழா மகிழ்ச்சியைக் குறிக்கும். எல்லையோரத்துப் பிள்ளைகள் இரு பொருளையும் அறிவர். ஆயினும், எத்தனை பிடி உப்பு, எத்தனை நாள் வெயில் என்னும் கணக்கு பல வீடுகளில் ஏட்டில் இல்லை. பாட்டியின் கைப்பழக்கத்திலேயே உள்ளது. கேட்டு எழுதி வைக்காவிடில் அக்கணக்கு அவரோடு மறைந்துவிடும்.

சொல்லும் பொருளும்

வரத்து – சந்தைக்கு வந்துசேரும் பொருளின் அளவு
பக்குவம் – ஏற்ற நிலை
கொப்பரை – வாயகன்ற பெரிய பாத்திரம்

இலக்கணம் அறிவோம்

வற்றல் (வற்று + அல்) – தொழிற்பெயர். ‘வற்றல் தின்றான்’ என்னும்போது வற்றிய பொருளுக்கு ஆகி வருவதால் தொழிலாகுபெயர்.
ஊறுகாய் – ஊறிய காய், ஊறுகின்ற காய், ஊறும் காய் என முக்காலத்துக்கும் விரிவதால் வினைத்தொகை.

பயிற்சி

1. சந்தையில் மிளகாய் விலை வீழ்வது ஏன்?
2. வற்றலும் வெல்லமும் எவ்வகையில் ஒத்துள்ளன?
3. ‘சுடுசோறு’ என்னும் சொல்லை முக்காலத்துக்கும் விரித்து எழுதுக.
4. உங்கள் வீட்டில் போடும் வற்றல் அல்லது ஊறுகாய் ஒன்றின் செய்முறையைப் பெரியோரிடம் கேட்டு, அளவுகளுடன் பத்து வரிகளில் எழுதுக.