சுகமான பிறகும் ஏன் ஊசி?

எனது சாச்சியின் மகனுக்கு ஏழு வயது. குருதிப் புற்றுநோய் என்று அறிந்து ஒரு வருடம் கடந்துவிட்டது. கொட்டிய முடி வளர்ந்துவிட்டது; குறிஞ்சாக்கேணி ஒழுங்கையில் சைக்கிள் ஓட்டுகிறான். ஆனாலும் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை சாச்சி அவனைக் கூட்டிக்கொண்டு இரவு பஸ் ஏறி, மஹரகம அபேக்ஷா வைத்தியசாலைக்குப் போகிறார். அங்கே முதுகில் ஊசி போடுகிறார்கள். "புள்ளைக்குச் சுகமாயிட்டே, இன்னும் ஏன் குத்துறாங்க? முதுகுல குத்தினா கால் வழங்காமப் போயிடும்" என்பது உம்மம்மாவின் கவலை. இனிப் போகவேண்டாம் என்று சொல்லும் அயலவர்களும் உண்டு. வீட்டில் உயிரியல் படிப்பவள் நான்தான். அதனால் பதில் சொல்லும் வேலை எனக்கு வந்தது.

பிள்ளைகளுக்கு அதிகம் வரும் வகையில், நோய் தெரியவரும்போது உடலில் சுமார் ஒரு இலட்சம் கோடி புற்றுக்கலங்கள் இருக்கும். முதல் மாதச் சிகிச்சை முடிந்ததும் இடுப்பென்பின் பின்புறத்திலிருந்து மச்சையை உறிஞ்சிப் பார்ப்பார்கள். அதில் புற்றுக்கலங்கள் 5 சதவீதத்துக்குக் குறைந்திருந்தால் நோய் தணிந்தது என்பார்கள். தணிந்தது வேறு, தீர்ந்தது வேறு. நுணுக்குக்காட்டிக்குத் தெரியாமல் ஆயிரம் கோடி கலங்கள் வரை அப்போதும் மிஞ்சியிருக்கலாம். இடையில் நிறுத்தினால் அவை மறுபடி பெருகும். ஆகவேதான் சிகிச்சை இரண்டு, மூன்று வருடங்கள் நீள்கிறது.

சரி, முதுகில் ஏன்? குருதியில் உள்ள எல்லாப் பொருளும் மூளைக்குள் போக முடியாதபடி ஒரு தடை உண்டு. அது நல்லதுதான். ஆனால் மருந்துகள் பலவற்றையும் அது மறித்துவிடும். புற்றுக்கலங்கள் அங்கே ஒளிந்துகொள்ளும். மூளையையும் முண்ணாணையும் சூழ்ந்த பாய்பொருளில் சில மில்லிலீற்றரை எடுத்துச் சோதித்து, அதே ஊசிவழியே மெதொட்ரெக்சேற் மருந்தைச் செலுத்துவது இதற்காகத்தான். எடுத்த நீர் வீணாவதில்லை, குறைவதுமில்லை. வளர்ந்தவர் உடலில் அது நாளொன்றுக்குச் சுமார் 500 மில்லிலீற்றர் ஊறுகிறது.

கால் வழங்காமற் போகுமா? முண்ணாண் முதலாம், இரண்டாம் நாரி முள்ளந்தண்டென்புகளின் மட்டத்தில் முடிந்துவிடும். ஊசி போடுவது அதற்குக் கீழே, மூன்றாவதற்கும் நான்காவதற்கும் இடையிலோ நான்காவதற்கும் ஐந்தாவதற்கும் இடையிலோ. அங்கே நரம்பு வேர்கள் மட்டும் பாய்பொருளில் மிதக்கின்றன; ஊசி பட்டால் பெரும்பாலும் விலகிக்கொள்ளும். பின்னர் தலையிடி வருவதுண்டு, சில நாளில் தணிந்துவிடும். எங்கள் தம்பியோ இடுப்பு ஊசிதான் கூட நோகும் என்கிறான். அதுவும் உண்மை: விறைப்பூசி தோலையும் என்பின் மேற்பரப்பையும் மரக்கச் செய்யும், உள்ளே உறிஞ்சும் அந்தச் சில வினாடி வலியை அது முழுதாக நிறுத்தாது.

1948இல் பொஸ்டனில் சிட்னி பார்பர் 16 பிள்ளைகளுக்கு அமினோப்ரெறின் கொடுத்தார். 10 பேருக்கு நோய் தணிந்தது, ஆனால் சில மாதங்களுக்குத்தான். அம்மருந்தைத் தயாரித்த குழுவின் தலைவர், மதராஸ் மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ். இன்று வசதியுள்ள நாடுகளில் 10 பிள்ளைகளில் ஏறத்தாழ 9 பேர் பிழைக்கிறார்கள். பல மருந்துகளைச் சேர்த்து, இடைவிடாமல், வருடக்கணக்கில் கொடுத்ததாலேயே இந்த மாற்றம்.

வேலியோரப் பட்டிப்பூவிலிருந்தும் வின்கிறிஸ்டீன் என்றொரு மருந்து எடுக்கிறார்கள். அதற்காக இலையை அவித்துக் கொடுத்துவிடாதீர்கள், அச்செடி நஞ்சு. காய்ச்சல் வந்தால் பனடோல் கொடுத்துவிட்டு விடியும்வரை பார்த்திருக்கவும் கூடாது. இந்தப் பிள்ளைகளின் வெண்குழியங்கள் குறைந்திருக்கும், தொற்று மணித்தியாலக் கணக்கில் முற்றிவிடும். இரவானாலும் உடனே அருகிலுள்ள வைத்தியசாலைக்குக் கொண்டுபோய், பிள்ளை எடுக்கும் மருந்துகளின் விபரம் உள்ள கிளினிக் கொப்பியை முதலில் நீட்டவேண்டும்.