மின்னேற்று நிலையம்: முதலிடுமுன் ஒரு கணக்கு

மின்சார வண்டி வாங்க எண்ணுவோர், "வழியில் மின்னேற்ற இடமுண்டா?" என்கின்றனர், முதலிடுவோரோ, "வண்டிகள் வருமா?" என்கின்றனர். சிறு நகரங்களில் இம்முடிச்சை அவிழ்ப்பது எங்ஙனம்?

மின்னேற்று நிலையம் நடத்த உரிமம் வேண்டுவதில்லை என்று மத்திய அரசு 2018-இல் தெளிவுபடுத்தியது. 2024-இல் பொது நிலையங்களுக்கென 2,000 கோடி ரூபாயும் ஒதுக்கியது. எனினும், எவ்வகை நிலையம் தேவை என்பதை நாமே ஆராய்தல் வேண்டும்.

30 யூனிட் கொள்ளும் காரை நிரப்ப, 3 கிலோவாட் முனைக்கு 10 மணி நேரம் ஆகும். 30 கிலோவாட் விரைவு இயந்திரத்திற்கு ஒரு மணிக்குச் சற்று மேல் போதும். ஆயின் பின்னதன் விலை பன்மடங்கு. வண்டி வராவிடின் முதல் முடங்கும். சந்தையில் 3 மணி நேரம் நிற்கும் கார் எளிய முனையிலேயே 9 யூனிட் பெறும். 50 கிலோமீட்டர் செல்ல அது போதும். விரைவு இயந்திரம் நெடுஞ்சாலைக்கே ஏற்றது.

ஆகவே, உறுப்பினர்கள் ஒரு வாரம் வண்டிகளை எண்ணி, அவை நிற்கும் நேரத்தையும் குறித்தபின் தீர்மானம் நிறைவேற்றுமாறு வேண்டுகிறோம்.