நம்பிக்கைகளும் உண்மைகளும்: ஏசி காஸ் குடிக்கிறதா?

நல்லூர்க் கொடியேற்றத்துக்கு இரண்டு கிழமை இருக்கும்போதே யாழ்ப்பாணத்தில் பல வீடுகளில் பூட்டிக் கிடந்த ஓர் அறை திறக்கப்படும். ரொறன்ரோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் வரும் பிள்ளைகளுக்காக ஏசி பூட்டிய அறை அது. பத்து மாதமாக ஓடாமல் கிடந்த இயந்திரத்தை ரிமோட்டை அமுக்கி எழுப்புவார்கள். ஒரு வீட்டில் காற்று வரும், குளிர் வராது. இன்னொரு வீட்டில் சுவரோடு தண்ணீர் வழியும். வேறொரு வீட்டில் முழு வீட்டுக்கும் கரண்ட் விழும்.

பிறகு அயலட்டை வந்து காரணம் சொல்லும். அந்தக் காரணங்களில் சில பணத்தை மட்டும் தின்பவை. சில உயிரோடு விளையாடுபவை. இரண்டையும் பிரித்துச் சொல்லவே இந்தப் பத்தி.

“ஏசி குளிரை உண்டாக்குது”

மற்றப் பிழையான நம்பிக்கைகள் பல இதிலிருந்துதான் கிளைக்கின்றன. தோட்டக் கிணற்றில் பூட்டிய பம்பி தண்ணீரை உண்டாக்குவதில்லை. கீழே கிடப்பதை மேலே ஏற்றுகிறது. ஏசியும் அப்படித்தான். அறைக்குள் இருக்கும் வெப்பத்தை இறைத்து வெளியே ஊற்றுகிறது. குளிர் என்று ஒரு பொருளை அது செய்வதில்லை. 12,000 பி.ரி.யு என்று நாம் வாங்குகிற சாதாரண ஏசி ஒரு மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ ஒரு யூனிட் மின்சாரத்தை எடுத்து, மூன்றரை யூனிட் அளவு வெப்பத்தை அறையிலிருந்து அகற்றும். வெளி யூனிட்டில் கையை நீட்டிப் பாருங்கள். அந்த அனல் உங்கள் அறையிலிருந்து போனதுதான்.

நோர்வேயிலும் சுவிசிலும் இருக்கும் எங்கள் சொந்தக்காரர் வீட்டைச் சூடாக்க வைத்திருக்கும் வெப்பப் பம்பியும் இதே இயந்திரம்தான், திசை மட்டும் வேறு. உறைபனிக் காற்றிலும் வெப்பம் மிச்சம் இருக்கிறது. அதை இறைத்து வீட்டுக்குள் ஊற்றுகிறது. சூரிச் நகர மண்டபத்தில் 1938 இலேயே லிம்மாற் ஆற்றுத் தண்ணீரிலிருந்து வெப்பத்தை இறைத்துக் கட்டடத்தைச் சூடாக்கினார்கள். வெளிநாட்டுப் பிள்ளைகள் சொல்கிறார்களே என்று “சூடும் குளிரும்” தரும் மொடலுக்கு இங்கே கூடுதல் காசு கொடுக்க வேண்டாம். தை மாதப் பனி இரவிலும் குடாநாட்டில் வெப்பநிலை 20 பாகைக்குக் கீழே இறங்குவது அபூர்வம்.

இறைக்கிற இயந்திரம் என்று விளங்கினால் 16 பாகையில் வைக்கும் பழக்கமும் தானாக விட்டுப்போகும். 32 பாகையில் இருக்கும் அறையை 25 க்குக் கொண்டுவர, ரிமோட்டில் 16 என்று வைத்தாலும் 25 என்று வைத்தாலும் ஏறத்தாழ ஒரே நேரம்தான் எடுக்கும். 16 இல் விட்டால், 25 ஐத் தாண்டியும் நிற்காமல் இறைத்துக்கொண்டே இருக்கும். இரவு மூன்று மணிக்கு அப்பம்மா போர்வை தேடுவதும், மாதக் கடைசியில் பில் ஏறுவதும் அதனால்தான். பகல் முழுவதும் வெயில் குடித்த கொங்கிறீட் கூரை இரவிலும் அறைக்குள் சூட்டை இறக்குகிறது என்பதையும் மறக்க வேண்டாம். பழைய ஓட்டு வீட்டில் உயரக் கூரையும் தாழ்வாரமும் செய்த வேலையை இப்போது இயந்திரத்தின் தலையில் கட்டியிருக்கிறோம்.

“வருசத்துக்கு ஒருக்கா காஸ் அடிக்க வேணும்”

இதில் எனக்குக் கோபமே வருகிறது. எங்கள் வீட்டிலும் இரண்டு முறை காசு கொடுத்தோம். ஓட்டை எங்கே என்று இரண்டு முறையும் யாரும் பார்க்கவில்லை.

ஏசிக்குள் இருக்கும் காஸ் மோட்டார் சைக்கிளுக்கு அடிக்கும் பெற்றோல் போன்றதல்ல. எரிந்து தீராது, பழையதாகிச் சக்தி குறையாது. மூடிய செப்புக் குழாய்க்குள் ஆவியாகி, திரவமாகி, மறுபடி ஆவியாகிச் சுற்றிக்கொண்டே இருக்கும். குழாய் ஓட்டையில்லாமல் இருந்தால் அந்த இயந்திரத்தின் ஆயுள் முடியும்வரை அதே காஸ்தான். குறைந்திருந்தால் எங்கேயோ கசிகிறது. பெரும்பாலும் குழாய்களை இணைத்த நட்டில், அல்லது உப்பு அரித்த சுருளில். சவர்க்கார நுரை பூசிப் பார்த்தாலே பல கசிவுகள் குமிழி விட்டுக் காட்டிக்கொடுக்கும். கசிவைத் தேடாமல் காஸ் அடிப்பது ஓட்டை வாளியில் தண்ணீர் அள்ளுவதுதான்.

குளிர் குறைந்தாலே காஸ் போய்விட்டது என்று முடிவு கட்டவும் வேண்டாம். வலிகாமத்தின் செம்பாட்டுப் புழுதி உள் யூனிட்டின் பில்டரை இரண்டு கிழமையில் மூடிவிடும். காற்று போகாவிட்டால் குளிர் குறையும், சில வேளை சுருளில் ஐஸ்கூடக் கட்டும். முதலில் சுவிச்சை அணைத்து, பில்டரைக் கழற்றிக் கழுவி, நிழலில் காயவைத்துப் பூட்டிப் பாருங்கள். செலவே இல்லாத வைத்தியம் இது.

காஸைப் பற்றிய இன்னொரு நம்பிக்கை இதைவிட ஆபத்தானது: “எந்தக் காஸும் ஒண்டுதான்.” இல்லை. பழைய இயந்திரங்களில் ஆர்-22, அதற்குப் பிறகு ஆர்-410ஏ, இப்போது கடைகளில் வருவனவற்றில் பெரும்பாலும் ஆர்-32. சிலவற்றில் ஆர்-290. ஆர்-290 என்பது புறொப்பேன். அடுப்புக்குப் பாவிக்கும் காஸின் இனம், வேகமாகத் தீப்பிடிக்கும். ஆர்-32 அவ்வளவு எளிதில் பற்றாது, ஆனாலும் பற்றும். காற்றைவிடக் கனமானது என்பதால் கசிந்தால் தரையோடு தேங்கும். சுவாலையில் பட்டால் நுரையீரலை அரிக்கும் நச்சு வாயுவாகச் சிதையும். ஆகவே காஸ் வேலை நடக்கும்போது யன்னல் கதவுகள் திறந்திருக்க வேண்டும். சாமி விளக்கு, ஊதுபத்தி, சிகரெட் எதுவும் அந்த அறையில் கூடாது. எந்தக் காஸ், எத்தனை கிராம் என்று வெளி யூனிட்டில் ஒட்டிய தகட்டிலேயே எழுதியிருக்கும். அதற்குரியதைத்தான் அடிக்க வேண்டும். ஆர்-22 இயந்திரத்தில் மலிவென்று புறொப்பேன் வகைக் காஸை ஏற்ற யாராவது வந்தால், வீட்டுக்காரர் மறுக்க வேண்டும்.

கசிவு பார்க்கக் குழாயில் அழுத்தம் ஏற்றுவதற்கு நைதரசன்தான் பாவிக்க வேண்டும். ஒட்சிசன் சிலிண்டரைக் கொண்டுவந்தால் வேலையை அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். உயர் அழுத்த ஒட்சிசனும் கொம்பிரசர் எண்ணெயும் சேர்ந்தால் வெடிக்கும்.

“பிரேக்கர் இருக்குத்தானே, எர்த் எதுக்கு?”

இந்தப் பத்தியில் ஒரு பகுதியை மட்டும் வாசிக்க நேரமிருந்தால் இதை வாசியுங்கள்.

போரினால் 1990 இல் குடாநாடு தேசிய மின்வலையமைப்பிலிருந்து அறுந்தது. ஜாம் போத்தல் விளக்கிலேயே ஒரு தலைமுறை படித்தது. இடம்பெயர்ந்து, திரும்பி வந்து, உடைந்த வீட்டை அறை அறையாகக் கட்டியவர்கள் வயரிங்கையும் அப்படித்தான் துண்டு துண்டாகச் சேர்த்தார்கள். இரண்டு பல்புக்கும் ஒரு மின்விசிறிக்கும் போட்ட வயரில் இன்று ஏசி தொங்குகிறது. எர்த் கம்பி எங்கே போகிறது என்று வீட்டுக்காரருக்கே தெரியாது.

பிரேக்கர் வயரைக் காக்க இருப்பது. அளவுக்கு மீறிய மின்னோட்டம் போனால்தான் விழும். ஒரு கணக்குப் பாருங்கள். வெளி யூனிட்டுக்குள் வயர் ஒன்று உரசித் தகரத்தில் மின்சாரம் ஏறுகிறது. உங்கள் எர்த் கம்பியின் தடை 50 ஓம் என்று வையுங்கள். 230 வோல்ற்றை 50 ஆல் பிரித்தால் 4.6 அம்பியர். 20 அம்பியர் பிரேக்கர் அசையாது. தகரத்தில் மின்சாரம் நின்றுகொண்டே இருக்கும். வெறுங்காலோடு ஈர மண்ணில் நின்று பூமரத்துக்குத் தண்ணீர் விடும் பிள்ளை அதைத் தொட்டால் என்ன நடக்கும் என்று நான் எழுத வேண்டியதில்லை.

அந்த இடத்தில் உயிரைக் காப்பது நாங்கள் ட்ரிப் சுவிச் என்று சொல்வதுதான். போன மின்னோட்டமும் திரும்பி வந்த மின்னோட்டமும் சமமா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். 30 மில்லி அம்பியர் வித்தியாசம் வந்தாலே, அதாவது ஓர் அம்பியரின் நூற்றில் மூன்று பங்கு வெளியே கசிந்தாலே, கண் இமைக்கும் நேரத்தில் அறுத்துவிடும். எர்த் சரியாக இருந்தால் யாரும் தொடுவதற்கு முன்பே விழும். எர்த் இல்லாவிட்டால் ஒரு மனிதர் தொட்ட பிறகுதான் விழும்.

ஆகவே “ட்ரிப் அடிக்கடி விழுது, அதை விட்டுட்டு நேரடியாகக் குடுங்கோ” என்று கேட்பவர் தன் வீட்டின் காவல் நாயைக் கட்டிப்போடச் சொல்கிறார். ஏசியைப் போட்டதும் ட்ரிப் விழுந்தால் பெரும்பாலும் ஏசியில் மின்கசிவு இருக்கிறது என்று அர்த்தம். வெளி யூனிட்டின் சர்க்கிட் அட்டையில் செத்துக் கிடக்கும் பல்லி, எறும்புக் கூடு, எலி கடித்த வயர், உப்பு ஈரம் – இவற்றில் ஒன்றாக இருக்கும். கண்டுபிடித்துத் திருத்தும்வரை ஏசி ஓடக்கூடாது.

ட்ரிப் சுவிச்சில் சோதனைக்கென்று ஒரு சிறு பொத்தான் இருக்கிறது. மாதம் ஒருமுறை அமுக்குங்கள். உடனே விழ வேண்டும். ஆனால் அந்தப் பொத்தான் சுவிச்சை மட்டும்தான் சோதிக்கும், எர்த்தைச் சோதிக்காது. எர்த்தை மீற்றர் வைத்துத்தான் அளக்க வேண்டும். நம் மண்ணில் இது முக்கியம். மெல்லிய செம்மண்ணுக்குக் கீழே சுண்ணக்கல் பாறை. கம்பி ஆழமாக இறங்காது. கோடையில் மண் காய்ந்தால் தடை இன்னும் ஏறும். மாரியில் அளந்து நல்லதென்று சொன்ன எர்த், ஏசி அதிகம் ஓடும் ஆடி ஆவணியில் கெட்டுக் கிடக்கலாம்.

ஏசிக்கு மின்பெட்டியிலிருந்து தனி வயர், தனிப் பிரேக்கர், அருகில் நிறுத்தும் சுவிச் வேண்டும். நீட்டு வயரில் ஏசி ஓட்டுவது தீக்கு வழி. ரிமோட்டில் அணைத்துவிட்டு யூனிட்டைக் கழற்றுவதும் கூடாது. மின்சாரத்தை முழுவதும் அறுத்த பிறகும் வெளி யூனிட்டின் கப்பாசிற்றரில் மின்னேற்றம் தங்கியிருக்கும். அதன் மூடியைத் திறப்பது தொழில் தெரிந்தவரின் வேலை. கரண்ட் போய் வந்தால் மூன்று நிமிடமாவது பொறுத்துப் போடுங்கள். குழாயில் அழுத்தம் சமப்படாமல் கொம்பிரசர் கிளம்பினால் திணறும்.

“கிணத்துத் தண்ணியாலை அடிச்சுக் கழுவினாச் சரி”

கழுவ வேண்டும் என்பது சரி. சோளகக் காற்று கடலிலிருந்தும் கடல்நீரேரியிலிருந்தும் அள்ளி வரும் உப்பு, வெளி யூனிட்டின் அலுமினியத் தகடுகளில் படியும். அலுமினியமும் செம்பும் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் உப்பு ஈரம் சேர்ந்தால் அலுமினியம் பொடியாகும். ஆனால் எந்தத் தண்ணீர்? தீவுப்பகுதியின் உவர்க் கிணற்று நீரால் கழுவினால் உப்பின் மேல் உப்பு. வலிகாமத்து நன்னீரிலும் சுண்ணாம்பு. காய்ந்தபின் வெள்ளைப் படை விடும். பிடித்துவைத்த மழைநீர் எல்லாவற்றிலும் நல்லது. மின்சாரத்தை அறுத்துவிட்டு, அழுத்தமில்லாமல், மின்பெட்டிப் பக்கம் படாமல் ஊற்றுங்கள்.

மழைக்குப் பயந்து தறப்பாளால் மூடி ஓட்டுவது வெப்பம் வெளியேறும் வாயைப் பொத்துவது. மழையில் நிற்கத்தான் வெளி யூனிட் செய்யப்பட்டிருக்கிறது. ஓடாத மாதங்களில் வேண்டுமானால் மேற்பக்கத்தை மட்டும் மூடலாம். முழுவதும் சுற்றிக் கட்டினால் உள்ளே ஈரமும் பல்லியும் எலியும் குடியேறும். பாவிக்காமல் வைத்தால் பழுதாகாது என்பதும் பிழை. ஆள் இல்லாத அறையாக இருந்தாலும் இரண்டு கிழமைக்கு ஒருமுறை கால் மணித்தியாலம் ஓடவிடுங்கள்.

“ஏசி வெளிக்காத்தை உள்ளுக்கு எடுக்குது”

வீடுகளில் இருக்கும் பிரிந்த வகை ஏசி வெளிக் காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. அறைக்குள் இருக்கும் அதே காற்றைத்தான் திரும்பத் திரும்பச் சுற்றவிடுகிறது. கதவு யன்னலைச் சாத்திவிட்டு உள்ளே நுளம்புச்சுருள் கொளுத்தினாலோ சாம்பிராணி போட்டாலோ அந்தப் புகையை இரவு முழுவதும் குடும்பமே சுவாசிக்கும். முட்டு வருத்தம் உள்ள பிள்ளைக்கு அதுவே போதும். நுளம்பு வலையே நல்லது. 2022 பங்குனிக் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு வந்தபோது பல வீடுகளுக்கு ஜெனரேற்றர் வந்து சேர்ந்தது. ஏசி வெளிக் காற்றை எடுக்காவிட்டாலும் யன்னல் இடுக்கால் புகை நுழையும்; ஆகவே ஜெனரேற்றரை ஏசி அறையின் யன்னலோரம் வைத்து ஓட்டாதீர்கள். அதன் புகையிலுள்ள காபனோரொட்சைட்டுக்கு மணமில்லை, தூக்கத்திலேயே கொல்லும்.

ஏசியால் தடிமன் வருமா என்றால், தடிமனைத் தருவது வைரசு. ஊத்தைப் பில்டரும் நேரே முகத்தில் அடிக்கும் காற்றும் தொண்டையை வறட்டும், அவ்வளவுதான்.

“அது சுத்தமான தண்ணி, வாளியிலை பிடிச்சு வைப்பம்”

ஏசியிலிருந்து சொட்டுவது காற்றின் ஈரம். ஓர் இரவில் சில லீற்றர் சேரும். ஆனால் சுருளின் தூசியும் கிருமியும் கழுவிக்கொண்டு வருவதால் குடிக்கவும் கூடாது, பற்றரிக்கும் ஊற்றக்கூடாது. பூமரத்துக்கு விடலாம், அன்றன்றே. வாளியில் ஒரு கிழமை நின்றால் டெங்கு நுளம்பு அதில் பெருகிவிடும். மாரி மழையோடு மார்கழி தையில்தான் யாழ்ப்பாணத்தில் டெங்கு ஏறுகிறது. முற்றத்தில் ஒரு சொட்டு நீர் தேங்காத கோடையில் அந்த நுளம்புக்கு இடம் கொடுப்பவற்றில் இந்த வாளியும் குளிர்சாதனப் பெட்டியின் பின்தட்டும் அடங்கும். 2007 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கச் சட்டப்படி நுளம்பு பெருக இடம்வைப்பது தண்டனைக்குரிய குற்றமும்கூட. சொட்டுக் குழாயை நேரே மண்ணுக்குள் இறக்கிவிடுங்கள்.

இந்த வருடக் கொடியேற்றத்துக்கு முன்னர் ஏசி திருத்தும் பாஸைக் கூப்பிடப் போகிறீர்கள் என்றால், அதற்கு முதல் நாள் ஒரு மின்னிணைப்பாளரை எர்த் அளக்கும் மீற்றரோடு வரச் சொல்லுங்கள்.