கரையேறும் படை: கோலசிலாங்கூர் தரும் பாடம்

இராசேந்திர சோழன் 1025-இல் கடாரத்தின்மீது படை நடத்திய வரலாற்றை நாம் தமிழ் விழாக்களில் பெருமையோடு பேசுகிறோம். ஆனால் நான் பிறந்து வளர்ந்த கோலசிலாங்கூர் கரைக்கு, 1942-இல் வேறொரு படை கடல்வழியே வந்ததைப் பற்றி எந்த மேடையிலும் கேட்டதில்லை. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் படித்தபோதும், பிறகு தேசிய இடைநிலைப்பள்ளியில் படித்தபோதும், ஜப்பானியர் கோத்தா பாருவில் இறங்கி மிதிவண்டியில் வந்தார்கள் என்றுதான் மனனம் செய்தேன். “அன்றைக்கு மழையில்லாமலே கடல் பக்கம் இடி இடித்தது” என்று கொள்ளுப்பாட்டி சொன்னதாகப் பாட்டி கூறுவார். அது பீரங்கிச் சத்தம் என்பது பல்கலைக்கழக நூலகத்தில்தான் எனக்குப் புரிந்தது.

சென்ற ஆண்டு என் மாமா மகன் கடற்படையில் சேர விரும்பினான். “தோட்டத்துப் பிள்ளைக்குக் கடல் எதற்கடா?” என்றார் மாமா. அன்று என்னிடம் பதில் இல்லை. அந்தப் பதிலைத் தேடியதன் பயனே இக்கட்டுரை.

கரையேறும் படை என்றால் என்ன?

கப்பலில் பயணம் செய்து, சிறு படகுகளில் கரையேறி, இறங்கிய இடத்திலேயே போரிட்டு நிலைகொள்ளும் காலாட்படையைத்தான் இங்கே கரையேறும் படை என்கிறேன். துப்பாக்கி ஏந்திய வீரனைப் படகில் ஏற்றிவிட்டால் மட்டும் இப்படை உருவாகிவிடாது. கப்பல், கரையில் இறக்கும் படகு, அதற்கெனப் பழகிய வீரர், கரையைப் பற்றிய அறிவு, கடற்படையையும் தரைப்படையையும் இணைக்கும் ஒரே தலைமை ஆகிய ஐந்தும் சேர வேண்டும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் என்ன நேரும் என்பதை நம் கரையே காட்டியிருக்கிறது.

1942: படகுகளின் வெற்றி

டிசம்பர் 1941-இல் ஆங்கிலேயர் பினாங்கைக் கைவிட்டபோது, இயந்திரம் பொருத்திய 24 படகுகளையும் பல தோணிகளையும் அழிக்காமல் விட்டுச் சென்றனர். ஜப்பானியர் அவற்றைத் தாம் கொண்டுவந்த படகுகளோடு சேர்த்து, மேற்குக் கரையோரமாகப் படையை அனுப்பினர்.

கம்பாரில் டிசம்பர் 30 முதல் ஜனவரி 2 வரை ஆங்கிலேய, இந்தியப் படைகள் உறுதியாக நின்று போரிட்டன. ஆயினும் அவை அந்த அரணை விட்டு விலக நேர்ந்தது. ஜப்பானியர் படகுகளில் வந்து அவற்றின் பின்புறத்தில் கரையேறத் தொடங்கியதே அதற்கு முக்கியக் காரணமாகும். அதே ஜனவரி 2-ஆம் நாள் கோலசிலாங்கூர் முகத்துவாரத்திலும் ஜப்பானியக் கலங்கள் தோன்றின. கரையிலிருந்த பீரங்கிகள் அவற்றை விரட்டியடித்தன. அடுத்த சில நாள்களில் ஜப்பானியர் கடலோரமாக முன்னேறி, பத்தாங் பெர்ஜுந்தைப் பக்கம் நெருங்கினர். இன்று பெஸ்தாரி ஜெயா எனப்படும் ஊர் அதுதான். ஜனவரி 7-இல் சிலிம் ரிவர் வீழ்ந்தது. ஜனவரி 11-இல் கோலாலம்பூர் அவர்கள் கைக்குப் போனது.

ஆங்கிலேயர் தரப்பிலும் இப்படி ஒரு முயற்சி நடந்தது. டிசம்பர் 1941 இறுதியில் ஏறத்தாழ 50 ஆஸ்திரேலிய வீரர்கள் பேராக் கரையில் இறங்கி, ஜப்பானிய வண்டிகளைப் பதுங்கித் தாக்கினர். ஆனால் அவர்களுக்குத் துணைநின்ற கப்பல் போர்ட் சுவெட்டன்ஹாமில் குண்டுவீச்சுக்கு இரையானது. முயற்சி அத்தோடு நின்றது. துணிந்த வீரர்கள் இருந்தார்கள். அவர்களை ஏற்றிச் செல்லக் கலம் இல்லை.

1945: சேற்றில் சிக்கிய வண்டிகள்

ஜப்பான் சரணடைந்த பின், செப்டம்பர் 9, 1945 அன்று பெரும் இந்தியப் படையொன்று மோரிப் கடற்கரையில் இறங்கியது. அங்கே எதிரி சுடவில்லை, கப்பல்களுக்கும் குறைவில்லை. ஆனாலும் பல வண்டிகள் மணலிலும் சேற்றிலும் புதைந்து நின்றன. கரையின் தன்மையைச் சரியாக அறியாததே காரணம். நம் கோலசிலாங்கூர் கரையும் சேறும் அலையாத்திக் காடும் நிறைந்ததுதான். நீர் வற்றும் நேரத்தில் சேற்றில் கால் வைத்துச் சிப்பி பொறுக்கியவர்களுக்கு அது நன்கு தெரியும்.

சிறிய நாட்டுக்கு இது தேவையா?

பெரிய வல்லரசுகளுக்குத்தானே இத்தகைய படை என்று நாம் நினைக்கலாம். அண்டை நாடான சிங்கப்பூரைப் பாருங்கள். அங்கு ‘கார்ட்ஸ்’ எனப்படும் காலாட்படைப் பிரிவினர் கடல்வழியே கரையேறப் பயிற்சி பெறுகின்றனர். அவர்களைச் சுமக்க ‘எண்டியூரன்ஸ்’ வகைக் கப்பல்கள் நான்கு கட்டப்பட்டன. 2004 ஆழிப்பேரலைக்குப் பின், சாலைகள் அறுந்துபோன அச்சேயின் மெலாபோவுக்கு அந்தக் கப்பல்களே உணவும் மருந்தும் கொண்டு சென்றன. போருக்காக வளர்த்த திறன் உயிர்காக்கவும் பயன்பட்டது.

நம் நாடோ தென்சீனக் கடலால் இரு பகுதிகளாகப் பிரிந்து கிடக்கிறது. சபாவுக்குப் படையையும் தளவாடங்களையும் அனுப்பக் கடலைக் கடந்தே ஆக வேண்டும். நம்மிடம் இருந்த பெரிய தரையிறக்கக் கப்பலான ‘கேடி ஸ்ரீ இந்திரபுரா’ அக்டோபர் 2009-இல் லுமுட்டில் தீக்கிரையானது. அதன் பின் பல ஆண்டுகள் அந்த இடம் நிரப்பப்படவில்லை. பிப்ரவரி 2013-இல் தென் பிலிப்பைன்சிலிருந்து படகுகளில் வந்த ஆயுதக் கூட்டமொன்று லஹாட் டத்துவில் நுழைந்தது. அதன் பிறகு, மலேசியாவுக்கென ஒரு கரையேறும் படை வேண்டும் என்ற பேச்சு வலுத்தது.

அப்படை அமைவதாயின் முதலில் கவனிக்க வேண்டியது ஆள் எண்ணிக்கையன்று என்பது என் கருத்து. ஆயிரம் வீரர்களுக்குப் புதுச் சீருடை கொடுத்துவிடலாம். ஆனால் அவர்களை ஏற்றிச் செல்லக் கப்பலும், ஒன்றாகப் பயிற்சி பெற நாளும், கரையை அறிந்த வழிகாட்டியும் இல்லையென்றால் அது பெயரளவிலான படையே. பேராக்கும் மோரிப்பும் கற்பித்தது இதுதான்.

வள்ளுவர் ‘அரண்’ அதிகாரத்தில் நீரையும் நிலத்தையும் மலையையும் காட்டையும் அரணாக எண்ணுகிறார். காக்க ஆளும் கலமும் இல்லாத நீர், நமக்கு அரணாவதற்குப் பதில் பகைவனுக்கு வழியாகிவிடும்.

அன்பு வாசகர்களே, அடுத்த முறை புக்கிட் மெலாவத்தி குன்றுக்குச் சென்றால், குரங்குகளுக்குக் கடலை போட்டுவிட்டு அப்படியே திரும்பிவிடாதீர்கள். அங்குள்ள பழைய பீரங்கிகள் எந்தப் பக்கம் நோக்குகின்றன என்று பாருங்கள். 1784-இல் டச்சுக்காரர் கடல்வழி வந்து அக்கோட்டையைப் பிடித்தனர். மறு ஆண்டே சுல்தான் இப்ராகிம் அதை மீட்டார்.

தோட்டத்துப் பிள்ளைக்குக் கடல் எதற்கு என்று மாமா கேட்டார். பால்மரத் தோட்டங்களில் வேலை செய்துகொண்டிருந்த நம் முன்னோரைத் தேடிப் போர் கடல்வழியே வந்தது. அவர்களில் பலர் பின்னர் சயாம் மரண இரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டனர். கடல் நமக்கு வேண்டாம் என்று நாம் ஒதுங்கியிருந்தாலும், கடல் நம்மை விட்டு ஒதுங்கவில்லை. இந்த மலர் வெளிவந்ததும் ஒரு படியை மாமாவிடம் கொடுப்பேன். தம்பியின் விண்ணப்பப் பாரம் இன்னும் கையொப்பத்துக்காகக் காத்திருக்கிறது.